காம்பராவுக்கும் ஒரு முகவரி: லினக்ஸ் கணினியினுள் அமையும் வலையமைப்புப் பாலம்

ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில், பண்டாரவளைக்கும் கொஸ்லாந்தைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவுகளில் பரந்து கிடக்கும் பூனாகலை போன்ற தேயிலைத் தோட்டங்களில், முகவரி என்பது நெடுங்காலமாகத் தனி மனிதருக்கு உரியதாக இருந்ததில்லை. அது தோட்டத்துக்கே உரியதாக இருந்து வந்துள்ளது. ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்துத் தடுக்கப்பட்ட லயக் காம்பராக்களில் வாழ்ந்த குடும்பங்களுக்குக் கடித உறையில் எழுதத்தக்க வீட்டிலக்கமோ வீதிப்பெயரோ இல்லாமையால், அவர்களுக்கு வரும் கடிதங்கள் தோட்டத்தின் பெயரிலும் பிரிவின் பெயரிலும் வந்து, தோட்ட அலுவலகத்தில் இறங்கி, அங்கே பெயர் பார்த்துப் பிரிக்கப்பட்ட பின்னரே உரியவர் கைக்குச் சென்றன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பும் வங்கிக் கடிதமும் நாள் கடந்து கிடைத்ததால் வாய்ப்பிழந்தவர்களின் மனக்குறை மலையகத்தில் பழையது; ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முகவரி வேண்டும் என்பது இன்றும் மலையக மக்களின் உரிமைக் கோரிக்கைகளுள் ஒன்றாக நிற்கிறது.

இதே கேள்வி, அதாவது ஒரு பெரிய கட்டடத்தினுள் இருக்கும் பலருக்கு ஒரே முகவரி போதுமா, அல்லது ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் வெளியே அறியப்பட வேண்டுமா என்னும் கேள்வி, கணினி வலையமைப்பிலும் எழுகிறது. ஒரு கணினியினுள் பல கணினிகளை இயங்கச் செய்யும் நுட்பம் பரவிய பின்னர், அவ்வுள் கணினிகளை வெளி வலையமைப்புடன் எவ்வாறு இணைப்பது என்பது அதை நிர்வகிப்போர் முதலில் தீர்க்க வேண்டிய பிரச்சினையாயிற்று. அதற்கான விடைகளுள் மிக எளியதும், அதே வேளை தொடக்கநிலையாளரை மிகுதியாகத் தடுமாறச் செய்வதும் பாலம் என்னும் அமைப்பாகும்.

பருப்பொருளாக இல்லாமல், மென்பொருளால் மட்டும் உருவாக்கப்பட்டு, தனக்கெனச் செயலி, நினைவகம், வட்டு, வலையமைப்பு அட்டை ஆகியன இருப்பதாக நம்பி இயங்கும் கணினியே மெய்நிகர் கணினி எனப்படுகிறது. அதைத் தன்னுள் வைத்து இயக்கும் உண்மைக் கணினியைத் தாங்கு கணினி எனலாம். இக்கருத்து புதியதன்று: ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே தன் பெருங்கணினிகளில் இதைச் சோதித்து, 1972இல் விஎம்/370 என்னும் பெயரில் வெளியிட்டது. மேசைக் கணினிகளில் இது இலகுவானது, இன்டெல் 2005இலும் ஏ.எம்.டி. 2006இலும் இதற்கான வசதியைச் செயலிக்குள்ளேயே சேர்த்த பின்னர்தான். அவ்வசதியைப் பயன்படுத்தும் கேவிஎம் என்னும் பகுதி, 2007 பெப்ரவரியில் வெளியான லினக்ஸ் கெர்னல் 2.6.20 பதிப்பில் இணைக்கப்பட்டது. கெர்னல் என்பது வன்பொருளுக்கும் பிற மென்பொருள்களுக்கும் நடுவே நின்று எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும் பணிசெயல் முறைமையின் மையப்பகுதி. அது இலவசமாகக் கிடைப்பதால், சாதாரணக் கணினி ஒன்றை வைத்திருக்கும் எவரும் செலவின்றி மெய்நிகர் கணினிகளை இயக்க முடிகிறது.

இது மலைத்தோட்டத்துப் பாடசாலை ஒன்றுக்கு எவ்வகையில் பயன்படும் என்பதை எண்ணிப் பார்ப்பது தகும். இணைய இணைப்பு அடிக்கடி தளர்ந்துபோகும் ஒரு கணினிக்கூடத்தில், ஓரளவு நினைவகம் கொண்ட ஒரே ஒரு கணினி தாங்கு கணினியாக அமையுமானால், அதனுள் ஒரு மெய்நிகர் கணினி மூடுல் என்னும் கற்றல் மேலாண்மை மென்பொருளை இயக்கிப் பாடக்குறிப்புகளையும் பயிற்சிகளையும் வழங்கலாம். இன்னொன்று, கிவிக்ஸ் என்னும் மென்பொருளின் துணையால், 2003இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இணையம் இல்லாத வேளையிலும் படிக்கத் தரலாம். மூன்றாவது, உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயிலும் மாணவர் உடைத்துப் பார்த்துத் திருத்திப் பழகுவதற்கென்றே ஒதுக்கப்படலாம். ஒன்றில் நேரும் பிழை மற்றொன்றைத் தொடாது என்பதே இவ்வாறு பிரித்து வைப்பதன் பயன். ஆனால் கூடத்திலுள்ள ஏனைய கணினிகளும் ஆசிரியர்களின் கைபேசிகளும் இம்மூன்றையும் தேடி வந்து அடைய வேண்டும். அடைய முடியாவிடின் அவை இருந்தும் இல்லாதவையே.

தாங்கு கணினியில் மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வெர்ட் என்னும் மென்பொருளை நிறுவியதும், அது தானாகவே ஒரு வலையமைப்பை அமைத்துத் தருகிறது. அதன் பெயர் ‘வெர்ட்பிஆர்0’. அதில் இணையும் மெய்நிகர் கணினிகள் 192.168.122 எனத் தொடங்கும் முகவரிகளைப் பெறுகின்றன. இம்முகவரிகள் தாங்கு கணினிக்கு வெளியே எவருக்கும் தெரியாதவை. உள்ளிருந்து ஒரு மெய்நிகர் கணினி வெளியே ஒரு பொதியை, அதாவது தரவின் ஒரு சிறு கூறை, அனுப்பும்போது, தாங்கு கணினி அதன் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதி அனுப்புகிறது. மறுமொழி வந்ததும், தான் வைத்திருக்கும் பதிவேட்டைப் பார்த்து, இது உள்ளே இன்னாருக்கு உரியது என உணர்ந்து ஒப்படைக்கிறது. இம்முறைக்கு வலையமைப்பு முகவரி மாற்றம் என்று பெயர்.

தோட்ட அலுவலகத்தின் வழியே கடிதம் வந்த முறையும் இதுவும் அமைப்பில் ஒன்றே. உள்ளிருப்பவர் முதலில் எழுதினால் மறுமொழி வரும். வெளியிலுள்ள ஒருவர் தாமாக உள்ளிருப்பவரைத் தேடினால், அலுவலகத்தின் முகவரியோடு தேடல் நின்றுவிடும். இன்ன குறியீட்டுடன் வருவதை இன்ன காம்பராவுக்குக் கொடு என்று அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். வலையமைப்பில் இதற்கு வாயில் முன்செலுத்தல் என்பர். ஆயினும் ஒவ்வொரு சேவைக்கும் ஒவ்வொரு விதி எழுத வேண்டியிருப்பதால், சேவைகள் பெருகப் பெருக அப்பட்டியலைப் பராமரிப்பதே ஒரு பணியாகிவிடும். ஓரிடத்தில் மட்டும் இந்த ஒப்புமை முறிகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்: கணினிக்கு வெளியே தெரியாதிருப்பது ஒரு பாதுகாப்பு, மனிதருக்கு அது இழப்பு. மெய்நிகர் கணினி இணையத்தில் எதையேனும் பார்க்கவும் இற்றைப்படுத்தல்களைப் பெறவும் மட்டுமே பயன்படுமாயின் முகவரி மாற்றமே போதும். பாலம் அமைக்க வேண்டிய தேவையே இல்லை. பிறர் தேடி வரவேண்டிய சேவை உள்ளே இருக்கும்போதுதான் பாலம் வேண்டும்.

பாலம் என்பதன் பொருளை அறிய, வலையமைப்பில் இருவகை முகவரிகள் உண்டு என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். ஐ.பி. முகவரி என்பது இடத்தைக் குறிப்பது. கணினி வேறொரு வலையமைப்புக்கு இடம் மாறினால் அதுவும் மாறும். மாக் முகவரி என்பது வலையமைப்பு அட்டையைக் குறிப்பது. 48 துணுக்குகளால் ஆன அது, அட்டை எங்கே சென்றாலும் அதனுடன் செல்லும். ஈதர்நெட் கம்பியில் செல்லும் ஒவ்வொரு தரவுக் கட்டும் சட்டகம் எனப்படுகிறது. அதன் முதல் 6 பைட்டுகள் பெறுநரின் மாக் முகவரியும், அடுத்த 6 பைட்டுகள் அனுப்புநரின் மாக் முகவரியும், அதற்கடுத்த 2 பைட்டுகள் உள்ளடக்கத்தின் வகையும் ஆகும். பாலம் பார்ப்பது முதல் 12 பைட்டுகளை மட்டுமே. உள்ளே இருக்கும் ஐ.பி. முகவரி பற்றி அதற்குக் கவலை இல்லை, அது எதையும் அழிப்பதும் இல்லை, திருத்தி எழுதுவதும் இல்லை.

செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுமையத்தில் 1973இல் உருவான ஈதர்நெட், தொடக்கத்தில் ஒரே தடித்த கம்பியைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் முறையாக இருந்தது. கம்பியின் நீளத்துக்கும் இணைக்கத்தக்க கணினிகளின் தொகைக்கும் வரம்பு இருந்தமையால், இரண்டு கம்பிகளை இணைத்து ஒன்றாகத் தோன்றச் செய்யும் கருவி தேவைப்பட்டது. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் மார்க் கெம்ப்ஃப் என்னும் பொறியியலாளர் 1980களின் முற்பகுதியில் வடிவமைத்த கருவி இதற்கு வழி காட்டியது. அதன் அழகு, அதற்கு எவரும் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதில் இருந்தது: ஒரு சட்டகம் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்தில்தான் அதன் அனுப்புநர் இருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு, பின்னர் அதே முகவரிக்கு ஏதேனும் வந்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் அது அனுப்பும், இதுவரை கேள்விப்படாத முகவரிக்கு வந்தால், வந்த பக்கத்தைத் தவிர்த்து எல்லாப் பக்கங்களுக்கும் அனுப்பும். ஊருக்குப் புதிதாக வந்த தபால்காரர், முதல் சில நாள் வீடு வீடாக விசாரித்து, யார் எங்கிருந்து கடிதம் போடுகிறார் என்பதைக் கவனித்தே ஊரைக் கற்றுக்கொள்வதற்கு இது நிகர். இன்று கணினிக்கூடங்களில் பல கம்பிகளைச் செருகி வைக்கும் சுவிட்ச் பெட்டியும் உண்மையில் பல துளைகளைக் கொண்ட பாலமே. இலங்கைப் பாடநூல்கள் அதனை ஆளி என்று அழைக்கின்றன.

லினக்ஸ் கெர்னலில் இதே வேலையை மென்பொருளாகச் செய்யும் பகுதியை லெனெர்ட் பைட்டன்ஹெக் எழுதினார். 2001 சனவரியில் வெளியான 2.4 பதிப்பிலிருந்து அது கெர்னலுடனேயே வருகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவிட்ச் பெட்டியைத் தாங்கு கணினிக்குள் வைத்து, அதன் ஒரு துளையில் உண்மையான வலையமைப்பு அட்டையையும், மற்றத் துளைகளில் மெய்நிகர் கணினிகளையும் செருகியதாகக் கற்பனை செய்துகொண்டால் முழு அமைப்பும் விளங்கிவிடும். மெய்நிகர் கணினியிலிருந்து இச்சுவிட்சுக்கு வரும் கம்பிக்கு டாப் இடைமுகம் என்று பெயர். தாங்கு கணினியில் அது பெரும்பாலும் ‘விநெட்0’, ‘விநெட்1’ என்றவாறு தோன்றும். மெய்நிகர் கணினி தன் அட்டையில் எழுதும் சட்டகம் இக்கம்பியின் மறுமுனையில் அப்படியே வெளிவந்து பாலத்துக்குள் விழுகிறது. இவ்வாறு செருகப்பட்ட மெய்நிகர் கணினி, கூடத்திலுள்ள ஏனைய கணினிகளைப் போலவே, முகவரிகளைப் பங்கிடும் ரவுட்டர் பெட்டியிடம் நேரே முகவரி கேட்டுப் பெறும்; பிறர் அதனை நேரே அழைக்கலாம்; தாங்கு கணினியின் பெயரோ முகவரியோ இடையில் எங்கும் தலைகாட்டாது.

பெயர்களில் ஒரு குழப்பம் இங்கே உண்டு. லிப்வெர்ட் தானாக அமைத்துத் தரும் ‘வெர்ட்பிஆர்0’வும் தொழினுட்ப வகையில் ஒரு பாலமே. ஆனால் அதன் எந்தத் துளையிலும் உண்மையான அட்டை செருகப்படவில்லை. வெளியே செல்லும் வழி முகவரி மாற்றத்தின் ஊடாக மட்டுமே. பாலம் என்னும் பெயரைக் கண்டு அதிலேயே மெய்நிகர் கணினியை இணைத்துவிட்டு, வெளியிலிருந்து ஏன் அடைய முடியவில்லை என்று திகைப்பவர் பலர். வெளியுலகைத் தொடும் பாலத்தை நிர்வாகியே தனியாக அமைக்க வேண்டும். வழக்கமாக அதற்குப் ‘பிஆர்0’ எனப் பெயரிடுவர்.

அமைக்கும் முறை சில கட்டளைகளில் முடிந்துவிடக்கூடியது. ‘ஐபி’ என்னும் கட்டளையால் பிஆர்0 என்ற பெயரில் பால வகை இடைமுகம் ஒன்றை உருவாக்கி, ‘ஈஎன்ஓ1’ போன்ற பெயருடைய கம்பி அட்டையை அதன் உறுப்பாக்கி, இரண்டையும் இயங்கு நிலைக்குக் கொண்டுவருவது முதற்பகுதி. இரண்டாம் பகுதியில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. பாலத்தின் உறுப்பான கணத்திலிருந்து கம்பி அட்டை வெறும் துளையாகிவிடுகிறது. சுவிட்ச் பெட்டியின் ஒரு துளைக்கு ஐ.பி. முகவரி இருப்பதில்லை என்பதுபோல, அதற்கும் இருக்கக் கூடாது. ஆகவே தாங்கு கணினியின் ஐ.பி. முகவரியையும், வெளியே செல்லும் நுழைவாயிலைக் காட்டும் வழித்தடத்தையும் ஈஎன்ஓ1 இலிருந்து நீக்கிப் பிஆர்0வுக்கு மாற்ற வேண்டும். இரண்டிலும் முகவரியை விட்டுவைத்தால் சில பொதிகள் போய்ச் சேரும், சில சேரா. முழுமையாக அறுந்துபோவதைவிட இத்தகைய அரைகுறைப் பழுதே கண்டுபிடிக்கக் கடினமானது.

முகவரியை மாற்றும் அந்தச் சில நொடிகளில் தாங்கு கணினி வலையமைப்பிலிருந்து அறுபடும் என்பதால், தொலைவிலிருந்து இணைந்தபடி இதைச் செய்வது ஆபத்தானது. பதுளையிலோ கொழும்பிலோ இருந்துகொண்டு மலையின் மேலுள்ள கணினியில் இம்மாற்றத்தைச் செய்பவர், நடுவில் ஒரு பிழை நேர்ந்தால், அதைத் திருத்துவதற்கு வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் பேருந்தில் வரவேண்டியிருக்கும். கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டாமல் அமைப்புக் கோப்பில் எழுதி ஒருசேர நடைமுறைப்படுத்துவதும், குறித்த நேரத்துக்குள் உறுதிப்படுத்தாவிடின் பழைய நிலைக்குத் தானே திரும்பும் வசதியைப் பயன்படுத்துவதும் நல்லது. உபுண்டு என்னும் லினக்ஸ் வகையில் உள்ள நெட்பிளான் என்னும் கருவியின் சோதனைக் கட்டளை இவ்வசதியைத் தருகிறது. எனினும் பாலத்தின் சில அமைப்புகளை அதனால் முழுமையாகத் திருப்ப முடியாமற் போவதுண்டு என்பதால், இயன்றவரை கணினியின் முன்னே அமர்ந்து செய்வதே பாதுகாப்பு. கட்டளைகளால் மட்டும் அமைத்த பாலம் கணினி மீளத் தொடங்கும்போது மறைந்துவிடும்; மலையகத்தில் மழைக்காலத்து மின்தடை அரிதன்று என்பதால், நெட்பிளான் அல்லது நெட்வொர்க் மேனேஜர் என்னும் கருவியின் கோப்பில் அதனை நிலைப்படுத்துவது இன்றியமையாதது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பாலத்துக்கும் ஒரு மாக் முகவரி தேவை; நிர்வாகி அதைக் குறிப்பிடாவிடின், கெர்னல் அதன் உறுப்புகளுள் எண்ணளவில் சிறிய மாக் முகவரியையே பாலத்துக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் உடையது. புதிய மெய்நிகர் கணினி சேரும்போது அதன் முகவரி சிறியதாக இருந்தால் பாலத்தின் முகவரியும் மாறிவிடக்கூடும். ரவுட்டர் அதனைப் புதியவர் எனக் கருதி வேறு ஐ.பி. முகவரி கொடுத்துவிடும். இதைத் தவிர்க்கவே லிப்வெர்ட், தான் அமைக்கும் டாப் கம்பியின் மாக் முகவரியை ‘எஃப்இ’ என்னும் பெரிய பதினறும எண்ணால் தொடங்கச் செய்கிறது. மெய்நிகர் கணினிக்குள் தெரியும் முகவரியோ 52:54:00 என்று தொடங்கும். உற்பத்தி நிறுவனம் பதித்த முகவரி இதுவன்று, உள்ளூரில் உருவாக்கப்பட்டது என்பதைக் காட்டும் துணுக்கு அதில் ஏற்றப்பட்டிருக்கும். பாலத்துக்குத் தாங்கு கணினியின் கம்பி அட்டையுடைய மாக் முகவரியையே நிலையாக எழுதிவிடுவது இத்தொல்லையை முற்றாக நீக்கும்.

பாலங்களுக்குப் பிறப்பிலேயே உள்ள ஒரு பலவீனம் சுழற்சி. இரண்டு பாலங்களை இரண்டு கம்பிகளால் இணைத்தால், எல்லோருக்கும் என்று அனுப்பப்பட்ட ஒரு சட்டகம் ஒரு கம்பியால் போய் மறு கம்பியால் திரும்பி, மீண்டும் போய், நிற்காமல் சுற்றும், ஐ.பி. பொதியில் உள்ளதுபோல வாழ்நாளைக் குறைத்துக்கொண்டே போகும் எண் எதுவும் ஈதர்நெட் சட்டகத்தில் இல்லாததால், அதை நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. சில நொடிகளில் வலையமைப்பு முழுவதும் இதனால் நிறைந்து செயலிழக்கும். டிஜிட்டல் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் என்னும் பெண் பொறியியலாளர் 1985இல் இதற்குக் கண்ட தீர்வு கணினியியலின் நேர்த்தியான படைப்புகளுள் ஒன்று: பாலங்கள் தமக்குள் சிறு செய்திகளைப் பரிமாறி, தம்முள் ஒன்றை வேராகத் தேர்ந்து, வேரிலிருந்து ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரே ஒரு வழி மட்டும் எஞ்சுமாறு மற்ற வழிகளைத் தாமாகவே அடைத்துக்கொள்கின்றன, திறந்திருந்த வழி அறுந்தால் அடைத்த வழியைத் திறந்துகொள்கின்றன. கிளைகள் மீண்டும் ஒன்றோடொன்று கூடாத மரத்தின் வடிவில் அமைவதால் இது பரவுமர நெறிமுறை எனப்பட்டது; 1990இல் ஐ.இ.இ.இ. அமைப்பின் 802.1டி தரமாக ஏற்கப்பட்டது.

ஒரே தாங்கு கணினியும் ஒரே கம்பியும் உள்ள பாடசாலைக் கூடத்தில் சுழற்சி நேர வாய்ப்பில்லை. ஆயினும் அமைப்புக் கருவிகள் சில இந்நெறிமுறையைத் தாமாகவே இயக்கிவிடுகின்றன. அது இயங்கும்போது, புதிதாகச் செருகப்பட்ட துளை உடனே திறப்பதில்லை. 15 நொடி கேட்டும், மேலும் 15 நொடி கற்றும் ஆன பின்னரே சட்டகங்களை விடுகிறது. இந்த 30 நொடிக்குள் தொடங்கிய மெய்நிகர் கணினி முகவரி கேட்டுக் கேட்டு, மறுமொழி வராமல் கைவிட்டுவிடக்கூடும். எல்லாம் சரியாக அமைத்திருந்தும் மெய்நிகர் கணினிக்கு முகவரி கிடைக்கவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடங்களுள் இது ஒன்று; சுழற்சிக்கு வாய்ப்பற்ற இடத்தில் நெறிமுறையை அணைத்து வைப்பதில் தவறில்லை.

மலைத்தோட்டங்களில் பாலம் அமைப்போர் சந்திக்கும் மிகப் பெரிய தடை வேறொன்று. அங்கே இணையம் பெரும்பாலும் கம்பி வழியே வருவதில்லை. கைபேசிக் கோபுரத்திலிருந்து அலை பிடிக்கும் சிறு ரவுட்டர் பெட்டியோ கைபேசியோ வைஃபை மூலம் பகிர்வதே வழக்கம். ஆகவே மடிக்கணினியின் வைஃபை அட்டையைப் பாலத்தின் உறுப்பாக்க முயல்வது இயல்பு. லினக்ஸ் அதனை மறுத்துவிடுவதும் இயல்பே. காரணம் சட்டகத்தின் அமைப்பில் இருக்கிறது. சாதாரண வாடிக்கையாளராக இணைந்த வைஃபை அட்டை அனுப்பும் சட்டகத்தில் மூன்று முகவரிகளுக்கே இடமுண்டு: காற்றில் அதைப் பெற்றுக்கொள்ளும் வைஃபை நிலையம், இறுதிப் பெறுநர், அனுப்புநர். அனுப்புநர் என்பது காற்றில் அனுப்பிய அட்டையா, அதற்குப் பின்னால் இருக்கும் மெய்நிகர் கணினியா என்று பிரித்துச் சொல்ல நான்காவது இடம் இல்லை. அனுப்புநர் இடத்தில் மெய்நிகர் கணினியின் மாக் முகவரியை எழுதினால், தன்னிடம் இணைப்புப் பெறாத அந்நியர் இவர் என்று கருதி வைஃபை நிலையம் சட்டகத்தைத் தள்ளிவிடும். நான்கு முகவரிகளுடன் அனுப்பும் முறையும் தரத்தில் உண்டு. இரு முனைகளும் அதனை ஏற்க வேண்டும் என்பதால், கடைகளில் கிடைக்கும் சிறு ரவுட்டர் பெட்டிகளை வைத்து அதை நம்பி இறங்குவதற்கில்லை.

இதற்கு எளிய தீர்வு, அதே ரவுட்டர் பெட்டியின் பின்புறத்தில் வழக்கமாக இருக்கும் மஞ்சள் நிறக் கம்பித் துளைகளுள் ஒன்றிலிருந்து சில அடி ஈதர்நெட் கம்பியைத் தாங்கு கணினிக்கு இழுத்துவிடுவதே. பாலம் கம்பி அட்டையில் அமையும். மாணவரின் கைபேசிகள் வைஃபையிலேயே இருக்கலாம். ரவுட்டர் பெட்டி தனக்குள்ளே கம்பிப் பகுதியையும் வைஃபைப் பகுதியையும் பாலமிட்டு ஒரே வலையமைப்பாக வைத்திருப்பதால், இருசாராரும் ஒருவரையொருவர் காண்பர். கம்பித் துளையே இல்லாத பெட்டியாயின், வைஃபைப் பக்கத்தில் முகவரி மாற்றத்தோடு நின்றுவிட்டு, வேண்டிய சில வாயில்களை மட்டும் முன்செலுத்துவதே பொருத்தமானது. ஒரு சிறு சுவிட்ச் பெட்டி கிடைக்குமானால் இன்னும் நல்லது: இணையமே இல்லாத நாளிலும் தாங்கு கணினியும் கூடத்துக் கணினிகளும் அதன் வழியே பேசிக்கொள்ளும், முகவரிகளை நிலையாக எழுதி வைத்திருந்தால் ரவுட்டரும் தேவைப்படாது, மூடுல் பாடங்களும் தமிழ் விக்கிப்பீடியாவும் கோபுரத்து அலை வந்தாலும் வராவிட்டாலும் கிடைத்துக்கொண்டே இருக்கும். பாலம் மாக் முகவரியின் தளத்திலேயே இயங்குவதால், வெளியுலகின் துணை அதற்குத் தேவையில்லை. மலையகப் பாடசாலைகளுக்குப் பாலத்தின் பெறுமதி இணையத்தை மெய்நிகர் கணினிக்குக் கொண்டுபோவதில் இருப்பதைவிட, இப்பண்பிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

பாலத்தால் தரமுடியாத ஒன்றையும் தெளிவாக அறிந்து வைத்திருக்க வேண்டும். அது தருவது உள்ளூர் வலையமைப்பில் ஒரு முகவரியே. ரவுட்டர் பெட்டி தன் பங்குக்கு முகவரி மாற்றத்தைச் செய்கிறது, கைபேசி நிறுவனங்களும் பெரும்பாலும் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன, இதற்கென்றே 100.64.0.0 இல் தொடங்கும் முகவரித் தொகுதி 2012இல் உலகளவில் ஒதுக்கப்பட்டது. தாங்கு கணினிக்குள் இருந்த காம்பராவுக்குப் பாலம் ஓர் இலக்கத்தைத் தந்தாலும், தோட்டத்துக்கு வெளியே இன்னும் ஒரு தோட்டம், அதற்கு வெளியே இன்னும் ஓர் அலுவலகம் என அடுக்குகள் இருக்கின்றன. கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒருவர் பூனாகலையின் மெய்நிகர் கணினியை நேரே அடைவதற்கு ஐ.பி. ஆறாம் பதிப்போ, தனிச்சுரங்க இணைப்போ தேவைப்படும். அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

பாதுகாப்பு பற்றியும் சில சொற்கள். பாலத்தில் இணைந்த மெய்நிகர் கணினி கூடத்திலுள்ள அனைவருக்கும் நேரே தெரியும் என்பதால், அதற்கெனத் தனித் தீச்சுவரும், வலிய கடவுச்சொற்களும், காலத்துக்குக் காலம் இற்றைப்படுத்தலும் வேண்டும். தாங்கு கணினியின் தீச்சுவர் அதனைக் காக்கும் என்று இருந்துவிட முடியாது, ஏனெனில் பாலத்தைக் கடக்கும் சட்டகங்கள் வழக்கமாக அத்தீச்சுவரைத் தொடுவதில்லை. வழக்கமாக என்ற சொல்லுக்குக் காரணம் உண்டு. ‘பிஆர் நெட்ஃபில்ட்டர்’ என்னும் கெர்னல் கூறு ஏற்றப்பட்டால், பாலத்தைக் கடப்பவையும் தாங்கு கணினியின் ஐ.பி. விதிகளால் சோதிக்கப்படும். டாக்கர் என்னும் கொள்கலன் மென்பொருளை அதே கணினியில் நிறுவும்போது இக்கூறு ஏற்றப்படுவதும், கடந்து செல்பவற்றை மறுப்பதே பொது விதியாக மாற்றப்படுவதும் அடிக்கடி நிகழ்கிறது. நேற்றுவரை இயங்கிய பாலம், எவரும் கைவைக்காத நிலையில், இன்று ஊமையாகிவிட்டால், இடையில் டாக்கர் நிறுவப்பட்டதா என்று விசாரிப்பது பல மணிநேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

அமைத்து முடித்ததைச் சரிபார்க்க ‘பிரிட்ஜ்’ என்னும் கட்டளை போதுமானது. பழைய நூல்கள் கூறும் ‘பிஆர்சிடிஎல்’ இப்போது வழக்கொழிந்து வருகிறது. பாலம் இதுவரை கற்றுக்கொண்ட முகவரிகளை எல்லாம் எந்தத் துளையில் எது என்னும் பட்டியலாக அக்கட்டளை காட்டும். 300 நொடிகள் எதுவும் பேசாதிருந்த முகவரியை இயல்பான அமைப்பில் பாலம் மறந்துவிடும் என்பதால், பட்டியலைப் பார்ப்பதற்குச் சற்று முன்னர், கூடத்திலுள்ள ஒரு கைபேசியின் உலாவியில் மெய்நிகர் கணினியின் முகவரியைத் தட்டிப் பார்க்க வேண்டும். பக்கம் திறந்து, பட்டியலில் 52:54:00 எனத் தொடங்கும் வரி விநெட்0 என்னும் துளைக்கு நேரிலும், கைபேசியின் மாக் முகவரி ஈஎன்ஓ1 என்னும் துளைக்கு நேரிலும் காணப்பட்டால், உள்ளே இருப்பது எது, வெளியே இருப்பது எது என்பதைப் பாலம் கற்றுக்கொண்டுவிட்டது.